ஆதிபா விழுங்கிய பேச்சு

ஆறாம் வகுப்பின் கயிறிழுத்தல் அணிக்கு ஆள் தெரிவு செய்யும் நாளாகப் பார்த்து, சிவதர்ஷினி மிஸ் லீவு போட்டுவிட்டார்.

தயாளினிக்குக் காது கேட்காது. மிஸ்தான் அவளுக்குச் சைகைமொழி பெயர்ப்பாளர். கடைசி வாங்கில் உட்கார்ந்து யாராவது முணுமுணுத்தாலும் அதைக் கையால் சொல்லிவிடுவார். கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். அதற்கென்றே படித்துச் சான்றிதழ் வாங்கியவர்.

"டீச்சர், இன்னைக்கு நான் சொல்றேன்," என்று எழுந்தாள் ஆதிபா. தயாளினியின் பக்கத்திலேயே இருந்து பழகியதில் அவளுக்கும் சைகை வரும்.

சந்திரவதனா டீச்சர் யோசித்தார். "பரீட்சைன்னா சான்றிதழ் உள்ளவங்கதான் செய்யணும். இது விளையாட்டுக்கு ஆள் எடுக்கிறதுதானே. செய்."

கரும்பலகையில் தயாளினியின் பெயர் ஏறியது.

"விசில் அடிச்சா அவளுக்குக் கேக்காதே," என்றான் இன்ஷாப். "அடுத்த வருஷம் வரைக்கும் கயித்தைப் புடிச்சிட்டு நிப்பா."

வகுப்பே சிரித்தது.

'என்னவாம்?' என்று தயாளினி கையால் கேட்டாள்.

ஆதிபாவுக்கு மனசு வரவில்லை. 'சும்மா பேச்சு' என்று காட்டினாள்.

யாரும் மறுத்துப் பேசவில்லை. டீச்சர் பெயரை அழித்தார்.

தயாளினியின் கைகள் படபடத்தன. 'ஏன் அழிச்சாங்க?'

ஆதிபா உண்மையைச் சொன்னாள். 'நீ கவலைப்படுவேன்னு நினைச்சேன்.'

'என்கிட்ட பதில் இருந்துச்சு. நீ விழுங்கிட்ட.'

ஆதிபா எழுந்து நின்றாள்.

"டீச்சர், பிழை என்னோடது. இன்ஷாப் சொன்னதை நான் அவளுக்குச் சொல்லல. இன்னொருக்கா பேசுவமா?"

இன்ஷாப் நெளிந்துகொண்டே திரும்பச் சொன்னான். ஆதிபா ஒன்றும் விடாமல், 'அடுத்த வருஷம்' உட்பட, சைகையில் காட்டினாள். தயாளினிக்கே சிரிப்பு வந்தது. பிறகு அவள் கைகள் பேசின. ஆதிபா குரல் கொடுத்தாள்.

"விசிலோட கொடியையும்தானே ஆட்டுறாங்க. நான் கொடியைப் பாத்து இழுப்பேன். போன வருஷம் விசில் கேட்டவங்க என்ன கிழிச்சாங்க? விசிலுக்கு முந்தியே..."

ஆதிபா நிறுத்தினாள்.

"ம், சொல்லு," என்றார் டீச்சர்.

"விசிலுக்கு முந்தியே இந்த ஆதிபா, அரிசி மூட்டை மாதிரி விழுந்து, எல்லாரையும் சேத்து இழுத்துட்டுப் போயிட்டா."

இன்ஷாப் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். டீச்சர் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றுப்போனார்.

"சரி டீச்சர்," என்றான் இன்ஷாப், கண்ணைத் துடைத்தபடி. "தயாளினி முன்னுக்கு நிக்கட்டும். ஆதிபா..."

"ஆதிபா?"

"ஆதிபா தண்ணிப் போத்தல் தூக்கட்டும்."

அதையும், ஒரு சொல் குறைக்காமல், ஆதிபா கையால் சொன்னாள்.