திரும்பிப் பார்த்த சிப்பாய்

முந்தாநாள் எடுத்த போட்டோவில் அந்தச் சிப்பாய்க்கு முகம் இல்லை, முதுகு மட்டும்தான். இன்று சுவரில் தொங்கும் படத்தில் அவன் திரும்பிப் பார்க்கிறான்.

தனசேகரன் செல்போனை ஒருமுறை, படத்தை ஒருமுறை பார்த்தான். தூக்கமில்லாத கண் எதைத்தான் காட்டாது என்று தன்னையே கேலி செய்துகொண்டான். கரியாலூரில் பூட்டிக் கிடந்த ஜமீன் பங்களாவின் பழம்பொருட்களைப் போட்டோ எடுப்பது அவன் வேலை. மனைவி செவ்வந்தி போய்ச் சேர்ந்து இருபது நாள் ஆகிறது. ஆறு வயது எழில்மதியைக் கள்ளக்குறிச்சியில் யாரிடமும் விட மனமில்லாமல் பைக்கில் கூடவே அழைத்து வந்திருந்தான். அவனுக்கென்று மிச்சம் இருப்பது அவள் ஒருத்திதான். வெளியே பலா மரத்தடியில் விளையாடிக்கொண்டிருந்தாள்.

ஆளுயர ஓவியம் அது. தோற்றுப்போன படை ஒன்று முதுகைக் காட்டியபடி மலைப்பாதையில் போய்க்கொண்டிருந்தது. கிழிந்த கொடி, நொண்டும் குதிரை, ஒருவன் தோளில் இன்னொருவன்.

“தோத்து ஓடுற படைங்க சார்,” என்று முதல் நாளே சொல்லியிருந்தார் காவல்காரர் மாயவன். “செத்தவங்கள அப்பிடியே போட்டுட்டுப் போய்க்கினு இருக்காங்க. ஒருத்தனாவது திரும்பிப் பாக்குறானா பாருங்க. பாத்தா அதுங்க பின்னாலயே வந்துடுமாம்.”

சுடுகாட்டிலும் அதையேதான் சொன்னார்கள். கோமுகி ஆற்றங்கரையில் குடம் உடைத்து, கொள்ளி வைத்ததும், திரும்பிப் பார்க்காமல் நடக்கச் சொன்னார்கள். பத்தடி போனவன் திரும்பிவிட்டான். விறகு வெடித்த சத்தம் அவள் கூப்பிட்ட மாதிரியே இருந்தது. இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லப் பயமாக இருந்தது.

மணி மூன்றுதான் ஆகியிருந்தது என்றாலும் மலைமேலிருந்து மூடுபனி இறங்கி, ஜன்னல் கம்பிகளின் வழியே மெல்ல உள்ளே நுழைந்து, வௌவால் எச்சமும் ஈரச் சுண்ணாம்பும் நாறும் அந்தக் கூடத்தின் மூலைகளை ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டே வந்தது. எங்கோ ஒரு பலகை கிறீச்சிட்டது. கூடவே ஒரு வாசனை. விறகுப் புகை. நெய் ஊற்றிய விறகுப் புகை.

கேமராவில் கண்ணை வைத்தான். இன்னொரு சிப்பாயும் திரும்பியிருந்தான்.

கண்ணை எடுத்தான். ஐந்து பேர்.

குதிரையும்கூட.

அவர்கள் பார்த்தது அவனை அல்ல. அவன் தோளுக்கு மேலே. எல்லார் வாயும் பிளந்திருந்தது.

பின்னால் காலடிச் சத்தம்.

அவன் சுண்டுவிரலை ஒரு கை பிடித்தது. எழில்மதி அப்படித்தான் பிடிப்பாள். அவனுக்குப் போன உயிர் வந்தது.

“வந்துட்டியா கண்ணு? திரும்பிப் பாக்காத. அப்பா கையப் புடிச்சிக்கினு நேரா நட.”

படத்தை ஒட்டி ஒரு பக்கவாசல். அதன் வழியாக நடந்தான். கழுத்தை அசைக்கவில்லை. படி. ஈரப் புல். பனி. விரலைப் பிடித்த கை ஜில்லென்று இருந்தது. பனியில் விளையாடின கைதானே என்று நினைத்துக்கொண்டான்.

பைக் தெரிந்தது.

அதன்மேல் எழில்மதி உட்கார்ந்திருந்தாள்.

அவள் அவனைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பக்கத்தில் பார்த்தாள். இருபது நாளாகச் சிரிக்காத குழந்தை சிரித்தது.

“அம்மா!”

குதித்து இறங்கினாள். இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு ஓடி வந்தாள். வராதே என்று கத்த வாயைத் திறந்தான்.

சுண்டுவிரலைப் பிடித்திருந்த கை, விரலை விட்டது.