பளபளத்த ரோமானியக் காசு

சனிக்கிழமை காலை பத்து மணி. அமெரிக்காவில், பேர்லேண்டில் வாஞ்சிநாதன் வீட்டு ஹாலில், கண்ணாடிப் பெட்டிக்குள் ரோமானிய வெண்கலக் காசுகள். பக்தி, கருணை, நேர்மை என்று தங்களிடம் இல்லாத குணங்களையெல்லாம் பெண்ணுருவாக்கிக் காசில் அடித்துக்கொண்ட பேரரசர்கள். எல்லாம் பாசிப்பச்சை நிறம். நேர்மை மட்டும், ஒரு கையில் தராசும் மறுகையில் பழம் வழியும் கொம்புமாகப் பளபளத்தாள். அந்தப் பச்சை போனால் காசின் மதிப்பும் போயிற்று.

"புளி போட்டுத் தேய்ச்சிருக்கா. நேத்து கிச்சன்ல புளி ஊற வெச்சது அவதான்," என்றார் வாஞ்சிநாதன்.

சமையலுக்கு வரும் கிருபாராணி வாசலருகே நின்றாள். வாஞ்சிநாதன் அதற்குள் ஊர்த் தமிழர் வாட்ஸ்அப் குரூப்பில் அவள் பெயரைப் போட்டு எச்சரித்துவிட்டார். இன்னும் இரண்டு வீடுகளில் இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்காகத் திருட்டு, சேதம் விசாரிக்கும் ப்ரியம்வதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விசாரிக்கக் கூப்பிடும் முன்பே தீர்ப்பா? லென்ஸை எடுத்தாள். எழுத்து இடுக்குகளில் மஞ்சளாக ஏதோ காய்ந்திருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்தாள். காசிலிருந்த பெண்ணின் நெற்றியில் துளி சிவப்பு.

"பூஜை ரூம் விளக்கெல்லாம் யார் தேய்ப்பாங்க, ஆன்ட்டி?" என்று கிருபாராணியிடம் கேட்டாள்.

"மேடம்தான், வெள்ளிக்கிழமைல. நான் சர்ச்சுக்குப் போறவ. அந்த ரூம் வாசலையே மிதிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

வாஞ்சிநாதனின் மனைவி பர்வதம் சோபாவின் நுனிக்கு நகர்ந்தாள்.

"புளியைப் பார்த்தீங்க, சந்தனத்தைப் பார்க்கலை," என்றாள் ப்ரியம்வதா. "இந்தக் காசுக்குச் சந்தனம் பூசி, பொட்டு வெச்சிருக்காங்க. பூஜை ரூம்ல இருந்திருக்கு. உள்ளயே போக முடியாதவங்க எப்படி வெச்சாங்க?"

பர்வதம் அழுதாள். கொம்பிலிருந்து பழம் கொட்டுவதைப் பார்த்ததும் மகாலட்சுமி மாதிரித் தெரிந்ததாம். விளக்கோடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்து, பொட்டிட்டுப் பூஜையில் வைத்தாளாம். அப்புறம்தான் நிறம் மாறியதைக் கவனித்து, பயந்து பெட்டியில் திரும்ப வைத்துவிட்டாளாம். தராசு கண்ணில் படவே இல்லை.

"பயந்தீங்க, சரி. அவங்க தலையில பழி விழறப்ப எப்படிங்க வாய மூடிட்டு இருந்தீங்க?"

வாஞ்சிநாதன் போனை எடுத்து, சின்ன மிஸ்அண்டர்ஸ்டாண்டிங் என்று டைப் பண்ணினார். ப்ரியம்வதா எட்டிப் பார்த்தாள்.

"அழிங்க. அவங்க பேரைப் போட்டீங்கல்ல? இப்ப உங்க வைஃப் பேரைப் போடுங்க. அனுப்புற வரைக்கும் நான் நகரமாட்டேன்."

மெசேஜ் போனது. பர்வதம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மண்டே வந்துடு, கிருபா," என்றாள்.

கிருபாராணி வீட்டுச் சாவியைக் கண்ணாடிப் பெட்டியின்மேல் வைத்தாள்.

"இல்ல மேடம். இனி இந்த வீட்டு வாசலையே நான் மிதிக்கமாட்டேன்."