பெங்குவின் ஒட்டிய இரண்டு பைகள்

"அது என் பை. விடுங்க."

போர்ட்லண்டில் மழை விடுவதாக இல்லை. மாநாட்டு மண்டபத்துக்கு எதிரே, டாக்கோ ரொட்டி விற்கும் வண்டியின் முன் வரிசையில் நின்ற ஒரு நெடியவனின் தோளில் தொங்கிய பையின் வாரை இறுகப் பிடித்திருந்தாள் மாரிட்.

அவன் திரும்பினான். கண்ணாடி முழுக்க மழைத்துளிகள்... அதற்குப் பின்னால் சாம்பல் நிறக் கண்கள். என்ன கண்கள் இவை, ஒழுங்காகக் கோபப்படக்கூட விடாமல்... அவள் ஒரு கணம் தடுமாறினாள். வாரை மட்டும் விடவில்லை.

"மாநாட்டுல எல்லாருக்கும் குடுத்த பைங்க இது. கறுப்பு கலர், முன்னால பெங்குவின் ஸ்டிக்கர். என்னோடதுதான்," என்றான் அவன்.

"திறந்து பாத்தீங்களா?"

"எதுக்கு? வெளிய பாத்தாலே தெரியுதே."

மாரிட்டுக்குச் சுருக்கென்றது. இதே பேச்சை, இதே திமிரோடு, எங்கோ படித்திருக்கிறாள்...

ஜிப்பை அவளே இழுத்தாள். உள்ளே அவளுடைய பச்சைக் கம்பளி நூலும் அவள் பாதி பின்னிய காலுறையும் இருந்தன.

"நல்லாப் பின்றீங்க. இன்னொரு காலுக்கு எப்போ?"

அவன் காது மடல்கள் சிவந்தன. அவள் தன் பையை வாங்கிக்கொண்டு, மாறி வந்து தன் தோளிலிருந்த அவன் பையைக் கழற்றி நீட்டினாள்.

"மன்னிச்சிடுங்க... என் பேரு காலெப்."

"அப்பவே நெனச்சேன். நான் மாரிட்."

வரிசை நகர்ந்தது. அவர்கள் நகரவில்லை.

முகம் பார்க்காமலே இரண்டு வருடமாகச் சண்டை போட்டவர்கள் அவர்கள். பெங்குவினைச் சின்னமாகக் கொண்ட லினக்ஸ் கணினிகளில் அடிக்கடி கேட்கப்படும் தகவலை வேகமான வட்டிலும், மற்றதை மெதுவான வட்டிலும் வைத்து, ஒரே தகவல் இருமுறை வந்தால் ஒரு பிரதியை மட்டும் காக்கிற இலவச மென்பொருள் ஒன்று. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தம் அனுப்பலாம். பிரதி நீக்கும் பகுதிக்கு மாரிட் பொறுப்பு. வேலை பார்த்த நிறுவனம் அவளை அனுப்பிவிட்ட பிறகும், டுலூத் நகரில் தன் வீட்டிலிருந்து சம்பளமில்லாமல் அதைக் கவனித்து வந்தாள்.

காலெப் அனுப்பிய திருத்தம் சுலபமானது. ஒவ்வொரு துண்டுத் தகவலுக்கும் ஒரு சின்ன அடையாள எண். எண் ஒத்துப்போனால், உள்ளே ஒப்பிடாமலே இரண்டாவதை அழித்துவிடலாம். வேகம் கூடும். எண் தற்செயலாக ஒத்துப்போனால் யாருடைய தகவலோ போயே போய்விடும் என்று அவள் திருப்பி அனுப்பினாள். அவன் மறுபடி அனுப்பினான். அவள் மறுபடி திருப்பினாள்... 'பயத்தை வைத்து மென்பொருள் எழுத முடியாது' என்று ஊரே படிக்கும் பொது அஞ்சலில் அவன் எழுதியது இன்னும் எரிந்தது. இன்று மதியம் எல்லோர் முன்னிலையிலும் முடிவு.

"மத்தியானம் இந்தப் பை கதைய சொல்லி என் மானத்த வாங்கிடுவீங்க, இல்ல?"

"எனக்குப் பசிக்குது," என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை நோக்கி நடந்தாள்.

மதியக் கூட்டத்தில் காலெப்பின் மேலாளர் பிரெஸ்காட் தேனாகப் பேசினார். "மாரிட், இதுக்கு நீங்க ஒத்துக்கிட்டா நாளைக்கே எங்க கம்பெனியில வேலை. இதே வேலை, சம்பளத்தோட. எத்தனை நாள்தான் சும்மா செய்வீங்க?"

வாடகை நினைவுக்கு வந்தது. அவளுக்கு அந்த வேலை வேண்டும்... ரொம்பவே வேண்டும். எழுந்து நின்றாள்.

"சும்மா செய்யறதுனாலதான் என்னை யாரும் மிரட்ட முடியல. யாரோ ஒருத்தி அவ குழந்தை போட்டோவ நம்மள நம்பி வச்சிருக்கா. ஒப்பிட்டுப் பாக்காம அத அழிக்க நான் சம்மதிக்க மாட்டேன். என்னைத் தூக்கிட்டு வேற ஆளப் போட்டுக்கங்க."

பையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதற்காகவே பயந்து உட்கார்ந்திருந்தான் காலெப். கையில் கிடைத்த ஆயுதத்தை இவள் ஏன் எடுக்கவே இல்லை... அவன் எழுந்தான்.

"என் திருத்தத்த நான் வாபஸ் வாங்கிக்கறேன். காலையில ஒரே மாதிரி இருக்குன்னு இவங்க பைய தூக்கிட்டுப் போயிட்டேன். பிடிச்சு இழுக்க இவங்க இருந்தாங்க. வட்டுக்குள்ள யாரு இருப்பா? பயம்னு எழுதினதுக்கும் மன்னிப்பு கேட்டுக்கறேன்."

"காலெப், உக்காரு."

"இல்ல பிரெஸ்காட். உக்கார மாட்டேன்."

வாசலில் மழையைப் பார்த்தபடி நின்றவனை அவள் தேடி வந்தாள்.

"வேலை இருக்கா, போச்சா?"

"திங்கக்கிழமை தெரியும்."

"பைத்தியமா உங்களுக்கு?"

"இருக்கலாம்... திரும்பத் திரும்ப அனுப்பினேனே, அதுல பாதிதான் பிடிவாதம். மீதி, உங்க பதில் வரும்னு. மாரிட்... எனக்கு உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு."

"இன்னிக்குத்தானே பாத்தீங்க. இதுவும் வெளிய பாத்தே முடிவு பண்ணதா?"

"இல்ல. நீங்க எழுதின அத்தனையையும் எழுத்து எழுத்தாப் படிச்சிட்டு."

அவள் ஒரு அடி நெருங்கி வந்தாள். வீம்பு மட்டும் குறையவில்லை.

"உங்ககிட்டயிருந்து ஒண்ணும் வராத வாரத்துல எனக்குச் சாப்பாடே இறங்காது. எனக்கும் உங்களப் பிடிச்சிருக்கு. அதுக்காக அடுத்த திருத்தத்த விட்டுடுவேன்னு நினைக்காதீங்க. தப்பா இருந்தா மூஞ்சில அடிச்ச மாதிரி திருப்புவேன்."

"அனுப்பத்தான் போறேன்."

"அனுப்புங்க, பாத்துக்கறேன்." தன் பையை அவனிடம் நீட்டினாள். "இப்ப இதத் தூக்கிட்டு வாங்க."

காலெப் வாங்கிக்கொண்டான். ஜிப்பைத் திறந்து, பச்சைக் காலுறையைப் பார்த்து உறுதி செய்துகொண்டு, தோளில் மாட்டி அவளோடு மழையில் இறங்கினான்.