கோதையின் இடுப்பும் பிடிப்புத் தண்டும்

குமிழ்நகரில் பல் தேய்த்த கையோடு எல்லாரும் எலும்புமானியில் ஏறி நிற்பார்கள். செவ்வாய்க் கிரகத்தில் காற்றடைத்த குமிழ்களுக்குள்தான் குடியிருப்பு, ஈர்ப்பும் பூமியில் இருப்பதில் பாதிகூடத் தேறாது. சுமக்க வேலையில்லாத எலும்பு, சம்பளம் மட்டும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஊழியரைப்போல உள்ளுக்குள் உளுத்துப்போகும். ஆகவே இன்றைக்கு எவ்வளவு மிச்சம் என்று பார்த்துவிட்டுத்தான் காப்பி.

அன்று காலை கோதைநாயகி ஏறி நின்றபோது எலும்புமானி தயங்கியது. கெட்ட செய்தி என்றால் மரியாதைக்குக் கொஞ்சம் தயங்கும்படி அதைப் பழக்கியிருந்தார்கள். அவள் கணவர் தில்லைநாயகத்துக்கு அந்தத் தயக்கமே போதும், வாய்கூடக் கொப்பளிக்காமல் ஓடிவந்தார்.

இடுப்பெலும்பில் மயிரிழை போல ஒரு விரிசல். அதற்கு மருந்து பக்கத்துக் குமிழில் இருந்த கனக்கூடம். பெரிய உருளை ஒன்று அங்கே சுற்றிக்கொண்டிருக்கும். அதற்குள் படுத்தால் பூமியில் இருந்த கனம் உடம்பின்மேல் ஏறும், எலும்புக்கும் பழைய புத்தி திரும்பும். ஒருநாள் விட்டு ஒருநாள் போயாக வேண்டும். வைத்திய எந்திரம் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லியிருந்தது: கனக்கூடத்துக்கு வராமல் இருந்தாலும் அம்மா படுத்த படுக்கைதான், வரும் வழியில் வண்டி இப்படியே தூக்கிப் போட்டாலும் படுத்த படுக்கைதான்.

தூக்கிப் போட்டது தானே ஓடும் அவர்களுடைய கார். அதைத் தனியாகக் குறை சொல்லவும் முடியாது. ஊரில் எல்லாக் கார்களும் அப்படித்தான். பின்இருக்கையின் அடிப்பகுதி முழுவதையும் காற்றுக் கலன்கள் அடைத்துக்கொண்டதால் மோட்டார், இழுவை எல்லாம் முன்சக்கரங்களில். கிளம்பும்போது வண்டியின் கனம் பின்னால் சாய்கிறது, முன்பக்கம் லேசாகிறது. சக்கரம் தரையைப் பிடிக்கிறது, வழுக்குகிறது, மறுபடி பிடிக்கிறது. ஒரு நொடிக்குள் இது பலமுறை நடந்தால் அதற்குப் பெயர் சக்கரத் துள்ளல். பூமியிலேயே துள்ளும் என்றால் செவ்வாயில் கேட்கவா வேண்டும்? குமிழுக்கும் குமிழுக்கும் நடுவே நீளமான சுரங்கப்பாதை. அதில் இடைவாயில்கள், காற்றழுத்தம் சமமாகும்வரை சிவப்பு விளக்கு, பிறகு பச்சை. ஒவ்வொரு பச்சைக்கும் ஒரு துள்ளல். அந்த ஊர்க் கார்களில் நாத்திகராக ஏறியவர்கள்கூட ‘கோவிந்தா’ என்றுதான் இறங்கினார்கள். பெருமாளும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

தில்லைநாயகம் காரைப் பிலோமினாவின் பட்டறைக்குக் கொண்டுபோனார். அவள் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கை முன்னும் பின்னும் ஆடுகிறது, அதுதான் கோளாறு என்றாள். அந்தக் கையிலிருந்து வண்டியின் முன்சட்டம்வரை இரும்பால் ஒரு பிடிப்புத் தண்டு கொடுத்துவிட்டால் கை அசையாது, சக்கரம் துள்ளாது. இளவட்டங்கள் எல்லாம் மாட்டிக்கொண்டு பறக்கிறார்களாம்.

“அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறீங்களா, பந்தயத்துக்கா அண்ணே?” என்று கேட்டுச் சிரித்தாள்.

தில்லைநாயகம் சிரிக்கும் நிலையில் இல்லை. இரண்டு பக்கமும் மாட்டச் சொன்னார். அவள் முடுக்கி முடிக்கும்வரை பக்கத்திலேயே குந்தியிருந்து, ஒவ்வொரு மரையையும் தானும் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். மனைவியின் இடுப்பு அந்த மரைகளில் இருப்பதாக அவருக்கு நினைப்பு.

மறுநாள் கோதையைத் தலையணைகளுக்கு நடுவே பின்இருக்கையில் உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். முதல் இடைவாயிலில் பச்சை விழுந்தது. தண்டு தன் வேலையைச் செய்தது. துள்ளல் துளியும் இல்லை. சக்கரம் தரையைக் கவ்விப் பிடித்தது. இதுவரை துள்ளலில் வீணாகிக்கொண்டிருந்த விசை முழுவதும் வண்டியை முன்னால் எறிந்தது. கோதை இருக்கைக்குள் அறைபட்டாள். “அம்மா” என்ற சத்தம் பாதியில் நின்றது. அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது. அவர் மணிக்கட்டைப் பிடித்த பிடி தளரவே இல்லை.

அடுத்த வாயிலில் சிவப்பு. இன்னும் சற்று நேரத்தில் பச்சை விழும். திரும்பிப் போகலாம் என்றாலும் வந்த வாயில் வழியாகத்தான் போகவேண்டும். தில்லைநாயகம் வாய்க்கு வந்தபடி எல்லாம் காரைத் திட்டினார். குமிழ்நகரில் பதில் பேசும் குளிர்பெட்டியோடும் கண்ணாடியோடும் ஊர்வம்பு பேசுவார்கள். காரோடு மட்டும் பேச்சில்லை, திட்டுவதோடு சரி. அன்று அந்த வசவுக்குள் தற்செயலாக ஒரு கேள்வியும் இருந்தது.

“எந்த மடையன்டா உனக்கு இப்படிக் கிளம்பக் கத்துக்கொடுத்தான்?”

கேள்வி என்றால் பதில் சொல்லவேண்டும் என்பது காரை ஓட்டும் எந்திர மூளையான ஓட்டுமதிக்கு விதி. “மனிதர்கள்தான் ஐயா” என்றது.

பிறகு விளக்கியது. பூமியில் கார்களை மனிதர்களே ஓட்டிய காலத்தில், கோடிக்கணக்கானவர்கள் ஓட்டியதைப் பார்த்துப் பார்த்துத்தான் ஓட்டுமதி பாடம் படித்ததாம். சிவப்பில் நிற்பதும் அவர்கள் கற்றுத் தந்ததுதான், சிலர் தவிர. பச்சை விழுந்த கணமே பாய்வதும் அவர்கள் கற்றுத் தந்ததுதான். பாயாமல் கண்ணிமைத்தவர்களுக்குப் பின்னாலிருந்து ஹாரன் கிடைத்தது. அதோடு அவர்களுடைய தாயாரைப் பற்றியும் சில வார்த்தைகள் கிடைத்தன. தன்னை நம்பி ஏறியவர்களுக்கு அந்த அவமானம் வரக்கூடாது என்றுதான் அது இத்தனை வருஷமும் பாய்ந்துகொண்டிருந்தது.

“பின்னாடி ஒருத்தரும் இல்லையே” என்றார் தில்லைநாயகம்.

“இல்லைதான் ஐயா. எப்போதும் யாரோ இருப்பதாக நினைத்துத்தான் அவர்கள் ஓட்டினார்கள்.”

கோதை மெல்லக் கண்ணைத் திறந்தாள். “அவ்வளவு அவசரமா அவங்கல்லாம் எங்கே போனாங்க?”

ஓட்டுமதி தன் பாடங்கள் அத்தனையையும் ஒருமுறை புரட்டிப் பார்த்தது. “பெரும்பாலும் அடுத்த சிவப்பு விளக்குவரை, அம்மா.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தாலும் இடுப்பு வலித்தது, பிடித்துக்கொண்டே சிரித்தாள். அப்புறம் முன்இருக்கையின் முதுகை, காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைத் தடவுவதுபோலத் தடவிக்கொடுத்தாள்.

“தம்பி, எனக்கு இடுப்பெலும்புல விரிசல் விட்டிருக்கு. குலுங்கினா உயிர் போகுது. யாராவது ஹாரன் அடிச்சா அடிச்சிட்டுப் போறாங்க, அந்தத் திட்டை நான் வாங்கிக்கறேன். நீ பதமாப் போப்பா.”

“வலிக்கிறது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை, அம்மா. திட்டு மட்டும்தான் வந்திருக்கிறது” என்றது கார்.

பச்சை விழுந்தது. கார் அப்படியே நின்றது. கோதை ஒருமுறை மூச்சை இழுத்து விட்டாள். அதன் பிறகுதான், தூங்குகிற குழந்தையைத் தோள் மாற்றுவதுபோல அது நகர்ந்தது. தலையணைகூட அசையவில்லை. பிடிப்புத் தண்டுகள் இரண்டும் செய்ய வேலையில்லாமல் கூடவே வந்தன. தில்லைநாயகத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. இவ்வளவு நல்ல வண்டியையா திட்டினோம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். கோதை பெருமாள் பெயரைச் சொன்னாள், பயமில்லாமல்.

கடைசி வாயில் வந்தது. அங்கேயும் பச்சை விழுந்தது. கார் முன்போலவே கோதையின் மூச்சுக்காகக் காத்து நின்றது.

தில்லைநாயகம் குமிழ்நகரிலேயே பிறந்தவர். அவர் அப்பாவும் அப்படித்தான். அந்தப் பரம்பரையில் மூன்று தலைமுறையாக ஒருவரும் கார் ஓட்டியதில்லை. வேகத்தைக் கூட்டக் காலால் மிதிக்கும் விசை எப்படி இருக்கும் என்பதை அவர் படத்தில்கூடப் பார்த்ததில்லை. இருந்தும் அவருடைய வலதுகால் தானாக முன்னால் நீண்டது. வெறும் தரையை அழுத்தியது. இன்னும் அழுத்தியது.

“பச்சை விழுந்து எவ்வளவு நேரமாச்சு, இன்னும் என்ன நிக்கிறே...”

கோதை அவர் முழங்காலின்மேல் கையை வைத்தாள். சற்றுமுன் காரிடம் பேசிய அதே குரலில்,

“நீங்களும்தான், பதமா” என்றாள்.