பின்னறையில் ஒரு பாதி

பேய் இருட்டில்தான் வரும் என்று சொல்கிறவர்கள் மன்னார் வெயிலில் ஒரு வெள்ளிக்கிழமை நடந்து பார்த்திருக்கமாட்டார்கள். ஜும்ஆவுக்குப் பாங்கு சொன்னபிறகு தெருவில் கழுதைகூட நிற்காது. கடைகள் பாதிக் கதவு சாத்திக் கிடக்கும். காற்று மட்டும் உப்பை வாரி முகத்தில் அடிக்கும். அந்த நேரத்து அமைதி இருக்கிறதே, அது எந்த நடுச்சாமத்துக்கும் குறைந்ததில்லை.

றிம்ஷா லீவு முடிந்து வேலைக்குத் திரும்பியது அப்படியொரு வெள்ளிக்கிழமைதான். எருக்கலம்பிட்டி பஸ்ஸிலிருந்து இறங்கி, ஒருகாலத்தில் உப்புக் கந்தோராக, உப்பளத்து அலுவலகமாக இருந்த பழைய கட்டடத்துக்குள் நுழைந்தாள். சுவரில் எத்தனை தரம் பெயின்ட் அடித்தாலும் உப்புப் பூத்துவிடும். வாசல் கதிரையில் இருந்த அமிர்தநாயகம் சேர் எழுந்து நின்றார். அந்த ஆய்வுகூடத்துக்கு அவர்தான் பொறுப்பு. வயதான மனிதர், யாரையும் அதட்டத் தெரியாது.

"வந்திட்டீங்களோ பிள்ளை? இன்னும் கொஞ்ச நாள் வீட்டில நிண்டிருக்கலாமே."

"வீட்டில நிண்டா அழுகைதான் சேர் வருகுது."

அவர் விலகி வழிவிட்டார்.

ஆராய்ச்சி உதவியாளர் என்று அவளுக்குப் பெயர். வேலை என்னவோ எடுபிடிக்குக் கொஞ்சம் மேலே. பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு ஏன் திடீரென்று பிரசர் ஏறி உயிரைக் கொண்டுபோகிறது என்று தேடுகிற ஆய்வு அது. சம்மதிக்கிற தாய்மார் பிள்ளை பெற்றதும் அவர்களுடைய நச்சுக்கொடியில் நகமளவு துண்டு ஐஸ் பெட்டியில் வந்துசேரும். அதைக் கழுவி, இரண்டாக வெட்டி, இரண்டு சின்னக் குப்பிகளில் போடவேண்டும். பெயர் எழுதக்கூடாது, இலக்கம் மட்டும். ஒரு பாதி முன்னறைப் பிரீசருக்கு, மறுபாதி பின்னறைப் பிரீசருக்கு. மன்னார்க் கரண்டை நம்பி யாராவது எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைப்பார்களா? ஒன்று கெட்டாலும் மற்றது மிஞ்சவேண்டும்.

அந்தப் பின்னறையில்தான் பஸ்மினா இருந்தாள்.

பஸ்மினா அவளுடைய ராத்தா, கூடப்பிறந்த அக்கா. ஆய்வில் சேரச் சொல்லிக் கெஞ்சியது றிம்ஷாதான். "என்ர நச்சுக்கொடியையும் விடமாட்டாய் போல. சரி, எடுத்துக்கொண்டு போ. பிள்ளையைக் கேட்டாத்தான் தரமாட்டன்" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள் அவள். பெண்பிள்ளை பிறந்தது. ஒரு தரம் மடியில் வைத்துப் பால் கொடுக்கமுதல் பிரசர் ஏறி, வலிப்பு வந்து, ராத்தா மவுத்தானாள். எதைத் தேடுகிறதோ அந்த ஆய்வு, அதுவே அவளைக் கொண்டுபோனது. பிள்ளை பெற்றவளுக்கென்று உம்மா வறுத்து இடித்து வைத்திருந்த காயச்சரக்கு, மூடி திறக்காத போத்தலோடு இன்னும் குசினித் தட்டில் இருக்கிறது.

உடம்பின் எந்தத் துண்டும் மண்ணுக்குப் போகவேண்டும் என்பது அவர்களுடைய வழக்கம். வெட்டின நகத்தைக்கூடப் புதைக்கிறவர்கள் உண்டு. கேட்டால் திருப்பித் தருவோம் என்று ஆய்வுகூடமும் தொடக்கத்திலேயே ஒத்துக்கொண்டிருந்தது. உம்மா கேட்டாள். "துண்டை அங்க விட்டிட்டு என்ர பிள்ளை கபுறுக்குள்ள எப்பிடியடி நிம்மதியாப் படுப்பாள்?"

றிம்ஷா முன்னறைப் பாதியை எடுத்து ராத்தாவின் கணவன், மச்சான் பவ்ஸானின் கையில் கொடுத்தாள். அவன் அதைப் பஸ்மினாவின் கபுறில் தலைமாட்டில் புதைத்தான்.

"ரெண்டையும் எடுத்திட்டீங்கள்தானே?" என்று சேர் கேட்டார்.

"ஓம் சேர்."

பொய் சொல்ல அவளுக்கு நாக்குக் கூசவில்லை. ராத்தாவின் சட்டைகள் இருக்கின்றன, போனில் குரல் இருக்கிறது. அவளுடைய சதை வேறெங்கே இருக்கிறது? அவள் உயிரோடிருந்தபோது ஓடின இரத்தம் ஓடினபடியே உறைந்து அந்தக் குப்பிக்குள் கிடக்கிறது. அதையும் மண்ணுக்குக் கொடு என்றால் எந்தத் தங்கச்சிதான் கொடுப்பாள்?

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகள் அவளுடையவையாகின. ஆண்கள் ஜும்ஆவுக்குப் போவார்கள், சேர் வீட்டுக்குச் சாப்பிடப் போவார். றிம்ஷா பின்னறைக்குப் போய் பிரீசர் கதவில் கன்னத்தை வைத்துக்கொள்வாள். உள்ளே குளிர் என்றாலும் அதன் வெளிப்பக்கம் எப்போதும் இளஞ்சூடாக இருக்கும். ராத்தாவின் முதுகில் சாய்ந்துகொண்டு படுத்த நாட்கள் நினைவுக்கு வரும்.

"பிள்ளை பிரண்டு குப்புறப் படுத்திட்டாள் ராத்தா. போத்தல் பால் எண்டா மூஞ்சையைத் திருப்பிறாள். உன்னைப்போல வீம்புக்காரி."

பிரீசர் உறுமிக்கொண்டிருக்கும். கேட்கிறாள் என்று நினைத்துக்கொள்வாள்.

கச்சான் காற்று தொடங்கின மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. பள்ளியிலிருந்து குத்பாப் பிரசங்கம் கேட்டுக்கொண்டிருந்தது. றிம்ஷா வழக்கம்போலக் கண்ணை மூடிக் கன்னத்தை வைத்தாள்.

கதவு குளிர்ந்திருந்தது.

அவள் தலையை எடுத்தாள். வெளிக்கதவு முழுக்க வெள்ளையாக உறைபனி பூத்திருந்தது. யன்னல் கம்பியைத் தொட்டால் தோல் உரியும் வெயில்; இந்தக் கதவிலோ பனி. கதவின் மேலே குளிரின் அளவைக் காட்டும் இலக்கத்தைப் பார்த்தாள், அது மாறவில்லை. பிறகுதான் மணம் வந்தது. மிளகும் உள்ளியும் வேர்க்கொம்பும் சேர்த்து நல்லெண்ணெயில் வறுத்த மணம். பிள்ளைப்பேற்று வீட்டுக் காய மணம்.

பிரீசரின் உறுமல் நின்றது.

பனியில், நெஞ்சளவு உயரத்தில், இரண்டு வட்டங்கள் மெல்லக் கரைந்தன. ஈரம் அந்த இரண்டிலிருந்தும் கோடாக வழிந்தது. விரலால் தொட்டாள். தண்ணீர் இல்லை. வெள்ளையாக, பிசுபிசுவென்று, இனித்த மணத்தோடு இருந்தது.

பால்.

"றிம்ஷா."

கதவுக்கு அந்தப் பக்கமிருந்துதான் வந்தது.

"பால் கட்டுது றிம்ஷா. நெஞ்சு நோகுது."

அவள் நிலத்தில் இருந்துவிட்டாள். பயம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. அழுகைதான் முதலில் வந்தது.

"ராத்தா, நீ மவுத்தாப்போனாய்."



"பிள்ளை பசியில அழுறாள். எனக்கு இங்க கேக்குது. என்னால வரமுடியேல்ல. நீ கொண்டா."

"இந்தக் குளிருக்குள்ளயோ?"

"கொண்டா."

கைப்பிடி தானாக மேலே எழும்பியது. விழுந்தது. மறுபடி எழும்பியது. உள்ளேயிருந்து யாரோ ஒருத்தி தள்ளிப் பார்க்கிறாள், பூட்டைத் திறக்கத்தான் அவளுக்குத் தெரியவில்லை.

பாவி நான், என்று றிம்ஷா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அங்கே பாதி, இங்கே பாதி என்று ராத்தாவைக் கூறுபோட்டு வைத்தது யார்? அடங்கவும் முடியாமல் போகவும் முடியாமல் அவள் இந்தப் பெட்டிக்குள் கிடந்து பால் கட்டித் துடிக்கிறாள். தன் ஆசைக்கு ராத்தாவைச் சிறைவைத்தது தான்தானே. அவள் எழும்பிக் கையுறையைப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தாள்.

உள்ளே ஒருத்தரும் இல்லை. புகைபோல் குளிர் கொட்டியது. மற்றக் குப்பிகள் கல்லாக உறைந்து வெளுத்திருந்தன. ராத்தாவின் குப்பி மட்டும் தெளிவாக இருந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு அதைத் தொட்டாள். உடம்புச் சூடு.

ஐஸ் பெட்டியோடு அவள் வாசலைத் தாண்டும்போது சேர் சாப்பிட்டுவிட்டு எதிரே வந்தார்.

"இந்த வெயிலுக்குள்ள எங்க பிள்ளை?"

"ராத்தாட்ட."

அவர் பெட்டியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பின்னறையில இருக்கெண்டு எனக்குத் தெரியும். நீங்களா எடுப்பியள் எண்டுதான் பேசாமல் இருந்தனான். போயிட்டு வாங்கோ."

மச்சான் வியாபாரத்துக்குப் புத்தளம் போயிருந்தான். இருந்திருந்தாலும் எந்த முகத்தோடு அவனிடம் கொடுப்பது? கபுறுகள் இருக்கிற மையவாடிக்குப் பெண்கள் போகிற வழக்கம் எருக்கலம்பிட்டியில் இல்லை. ஜும்ஆ முடிந்து ஊரே சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்த நேரத்தில், பஸ்ஸால் ஊரில் இறங்கி, முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு அவள் பின்பக்க வேலியால் நுழைந்தாள். ராத்தாவின் கபுறில் நட்டிருந்த மீசான் கல்லின் அருகே கையாலேயே மணலைத் தோண்டி, குப்பியைத் திறந்து, சூடு ஆறாத அந்தத் துண்டை உள்ளே வைத்து மூடினாள்.

"மன்னிச்சுக்கொள் ராத்தா. இப்ப நீ முழுசா இருக்கிறாய். இனிப் படு."

காற்று விழுந்தது. மணல் அசையவில்லை. மனம் ஆறும் என்று நினைத்தாள், ஆறவில்லை. இனி வெள்ளிக்கிழமைகளில் போய்ச் சாய ஒரு கதவுகூட இல்லையே என்று அங்கேயே இருந்து வாய்விட்டு அழுதாள். அழுது முடித்து எழும்ப நெடுநேரம் ஆகிவிட்டது.

வீடு மையவாடியிலிருந்து கூப்பிடுதூரம். உம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இதென்னடி புதினம், பிள்ளை இண்டைக்குப் போத்தலைத் தொடவேயில்லை. வயிறு நிறைஞ்ச மாதிரிச் சுகமாக் கிடக்கிறாள். நான் மீன் வெட்டிக்கொண்டு நிண்டனான், ஏணைத் தொட்டில் தானா ஆடிச்சுது. காத்தெண்டு விட்டிட்டன்."

றிம்ஷா அறைக்குள் ஓடினாள்.

காய மணம்.

ஏணைச் சீலையின் விளிம்பில் உறைபனி பொடிப்பொடியாக ஒட்டியிருந்தது. பிள்ளை விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்துச் சிரித்தாள். வாயோரத்தில் பால். றிம்ஷா விரலால் துடைத்தாள், ஐஸ் மாதிரிக் குளிர்ந்தது. பிள்ளையின் கையும் காலும் குளிர்ந்திருந்தன. உதடு நீலம் பாய்ந்திருந்தது.

பாதியாய்க் கிடந்தவரை நடக்க முடியாதிருந்தவள் முழுசானதும் வீட்டுக்கு வந்திருக்கிறாள். வேறெங்கே போவாள்?

றிம்ஷா பிள்ளையை வாரித் தன் சட்டைக்குள் விட்டு வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். வாசல் கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டாள். மூச்சு விடமுதல் கேட்டுவிட்டது. உள்ளங்கையால் மெல்லத் தட்டுகிற சத்தம். வீட்டாள் தட்டுகிற தட்டு.

"றிம்ஷா. திற."

அவள் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டாள். அவளுடைய கையே கொண்டியைத் தேடிப் போனது. வயிற்றோடு கிடந்த பிள்ளை நடுங்கினாள். கையை இழுத்துக்கொண்டாள்.

"போ ராத்தா" என்று பலகையோடு வாயை வைத்துச் சொன்னாள். "குளிர் தாங்கமாட்டாள். நான் வளக்கிறன். அல்லாவுக்காகப் போ."

"ஒருக்காப் பாத்திட்டுப் போறன்."

"வேண்டாம்."

குசினியிலிருந்து உம்மா குரல் கொடுத்தாள். "ஆரடி வாசல்ல?"

றிம்ஷா கதவில் முதுகைக் கொடுத்தாள். "ஒருத்தருமில்லை உம்மா."

தட்டல் நின்றது. நெடுநேரம் அவள் அங்கேயே நின்றாள். பின்னேரத்து அசருக்குப் பாங்கு சொல்லும்போது பிள்ளையின் உதடு சிவந்தது, பசித்து அழத் தொடங்கினாள். உம்மா போத்தலோடு வந்து, பட்டப்பகலில் கதவை ஏன் பூட்டினாய் என்று முணுமுணுத்தபடி கொண்டியைத் திறந்தாள்.

வெளியே வெயில்தான் இருந்தது. உம்மா திரும்பும்போது கதவின் வெளிப்பக்கத்தைக் கண்டு நின்றுவிட்டாள். பலகையில், நெஞ்சளவு உயரத்தில், இரண்டு ஈர வட்டங்கள்.

உம்மா தொட்டாள். விரலை முகர்ந்தாள். றிம்ஷாவைப் பார்த்தாள். முக்காட்டுத் தொங்கலை எடுத்து, காய்ச்சல்காரியின் நெற்றியைத் துடைப்பதுபோல அந்த ஈரத்தைத் துடைத்தாள்.

துடைத்த இடத்தில் மறுபடி பால் ஊறியது.