கரை எண்

காற்று வலுத்த பிற்பகலில் தோத்தாத்ரியின் நாவலூர் அலுவலகத்துக்குள் டெபோரா நுழைந்தாள். கோவளத்திலிருந்து கடலுக்குப் போன தம்பி டேனியல் இன்னும் திரும்பவில்லை.

“போன்ல சங்கு ஊதுற புயல் எச்சரிக்கை எல்லாப் படகுக்கும் வந்துச்சு சார். அப்பாதுரை அண்ணன், ஜெயவேலு அண்ணன், என் தம்பி, இவங்களுக்கு மட்டும் வரல. அண்ணனுங்க நல்லவேளை கரையில கீறாங்க. என் தம்பி உள்ள கீறான். நான் போட்டா எடுக்க மாட்டான், மத்தவங்களுக்கு லைன் கெடைக்கல. எவனோ வேணும்னே பேர எடுத்துட்டான்!”

“உதயாதான் சார்! புரோகிராம் எழுதினதே அவன். மீனவர் சங்கத்தோட சண்டை வேற,” என்று துள்ளினாள் உதவியாளர் அனுப்பிரியா.

மென்பொருள் கோளாறுகளைத் துப்பறிவதே வேலையாகக் கொண்ட தோத்தாத்ரி நிதானமாக, சங்கம் கொடுத்திருந்த படகுப் பட்டியலையும் புரோகிராமையும் திறந்தார். மூன்று பெயர்களும் அதில் அப்படியே இருந்தன.

“அப்பாதுரைக்கு வீட்டுல யாரும்மா?”

“யாருமில்ல. கல்யாணமே ஆகல.”

“ஜெயவேலுவுக்கு?”

“பொஞ்சாதி போய்ச் சேந்துட்டாங்க. இதெல்லாம் இப்ப இன்னாத்துக்கு சார்?” பயம் அவளுக்கு எரிச்சலாக வந்தது.

“ஒவ்வொரு வரியிலயும் பெயர், படகு, கைப்பேசி, கடைசியில கரையில இருக்கற சொந்தக்காரர் எண். நடுநடுவுல அரைப்புள்ளி. அங்கே வெட்டுன்னு ஜாவா மொழியில ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன், அதாவது வெட்டுற இடத்தைக் காட்டுற குறி, கொடுத்திருக்கான் உதயா. ஸ்ப்ளிட்டுங்கற கட்டளை ஒழுங்கா வெட்டும். ஆனா கடைசித் துண்டு காலியா இருந்தா சத்தமில்லாம தூக்கிப் போட்டுடும். இந்த மூணு பேருக்கும் நாலு துண்டு மூணாயிடுச்சு. குறையுள்ள வரின்னு புரோகிராம் அந்த ஆளையே தாண்டிடுச்சு. உதயாவுக்கு இது தெரியல, அவ்வளவுதான். வஞ்சம் இல்ல.”

“தம்பிக்குத்தான் நான் கீறேனே சார்...”

சொல்லும்போதே டெபோராவுக்கு அது நினைவுக்கு வந்தது. தம்பியின் கல்யாணப் பேச்சில் மூண்ட சண்டையில் அவள்தான் கத்தியிருந்தாள்: கடலில் உனக்கு என்ன ஆனாலும் எனக்குச் சொல்ல வேண்டாம். அவன் அந்தச் சொல்லைக் காப்பாற்றியிருக்கிறான். பட்டியலில் கரை எண்ணுக்கான இடத்தைக் காலியாக விட்டுவிட்டான்.

அனுப்பிரியா அவசரமாக ஸ்ப்ளிட்டுக்குள் மைனஸ் ஒன்றைச் சேர்த்தாள். “இனிமே காலித் துண்டையும் விடாது,” என்று சொல்லி எச்சரிக்கையை மறுபடி அனுப்பினாள்.

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. திரையில் ஒன்றும் வரவில்லை. டெபோரா கர்த்தரைக் கூப்பிட்டபடி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெடுநேரம் கழித்து ஒரு பதில் வந்தது. தோத்தாத்ரி அதைப் படித்துக் காட்டினார்.

“கரைக்கு வந்துகினே கீறேன். அக்காகிட்ட சொல்லிடுங்க.”