மலை பல் தேய்த்த நாள்

சிவப்புக் கொடியைக் கண்டும் காணாததுபோல் ஒருவன் நடந்து வந்துகொண்டிருந்தான். அதுவும் சரிந்து கிடந்த மண்மேட்டை நோக்கி... கையில் ஒரு சின்ன அட்டைப்பெட்டியோடு.

அவனைப் பார்த்துக்கொண்டிருந்த அவள் நெடுஞ்சாலைத் துறையில் இளநிலைப் பொறியாளர். வேலைக்குச் சேர்ந்து நான்கு வருடத்தில் தனியாகக் கிடைத்த முதல் பொறுப்பு இந்த மண்சரிவு. மலைப்பாதையில் முப்பது மீட்டர் நீளத்துக்குச் சாலையைக் காணவில்லை. மேலே இருந்த சரிவு அப்படியே இறங்கி, பாதிச் சாலையை மூடிவிட்டு, மீதிப் பாதியைத் தன்னோடு பள்ளத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. எதிர்ப்பக்கம் போக வேண்டுமென்றால் நாற்பது கிலோமீட்டர் சுற்று.

போதாக்குறைக்கு இரண்டு நாளாய்ப் பல்வலி. வீங்கிய கன்னத்தைத் துப்பட்டாவால் சுற்றி, அதன்மேல் மஞ்சள் ஹெல்மெட்டைக் கவிழ்த்திருந்தாள். வெளியே தெரிந்தது கண்கள் மட்டும்தான்.

"ஹலோ... எங்க போறீங்க?"

"அந்தப் பக்கம்."

"சிவப்புக் கொடி தெரியலையா?"

"தெரியுது. அது வண்டிக்குத்தானே? நான் நடந்துதான் போறேன்."

"நீங்க நடக்கிறீங்களா, வண்டில வர்றீங்களான்னெல்லாம் மண்ணு பாக்காது சார். மொத்தமா கொண்டு போயிடும்."

தூசிக்காக அவனும் முகக்கவசம் போட்டிருந்தான். அதற்கு மேலே இரண்டு கண்கள்... மழைக்குப் பிறகு கழுவி வைத்த கண்ணாடிபோல. அவை அவளையே கூர்ந்து பார்த்தன. அவளையல்ல... அவள் கன்னத்தை.

"வலது பக்கம், கீழ்வரிசை, கடைசிக்கு முந்தின பல்லு," என்றான்.

"என்னது?"

"படுத்தா வலி கூடும். சூடா எதுவும் குடிக்க முடியாது. சரிதானே?"

அவளுக்குச் சுர்ரென்று வந்தது. அத்தனையும் சரியாக இருந்ததுதான் கோபத்துக்கு முக்கியக் காரணம்.

"என் பல்லைப் பத்தி உங்ககிட்ட யாராவது கேட்டாங்களா?"

"கேக்கலை. பல் டாக்டருங்க நான்... பழக்கதோஷம்." சரிவுக்கு மேலே தெரிந்த பச்சை ஜன்னல் வீட்டைக் காட்டினான். "மாடில வீடு, கீழ கிளினிக். இந்தப் பெட்டில ஒரு பல்செட் இருக்கு. அந்தப் பக்கம் ஒரு பெரியவர் ஒரு வாரமா எதையும் மெல்ல முடியாம உக்காந்திருக்கார். அதோ, அவர்தான்."

மண்மேட்டுக்கு அப்பால் ஒரு முதியவர் கையை ஆட்டினார். பொக்கை வாய்ச் சிரிப்பு இங்கிருந்தே தெரிந்தது.

அவள் அவரைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். பிறகு மண் அள்ளிக்கொண்டிருந்த பொக்லைன் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே... ஒரு பெட்டியை அந்தப் பக்கம் வைக்க முடியுமா? உடையாம."

பொக்லைன் ஓட்டுபவர் மீசைக்காரர். அரை டன் பாறையை அலட்சியமாய்ப் புரட்டுகிறவர், அந்தப் பெட்டியைத் தொட்டதும் பிறந்த குழந்தையைத் தொட்டிலில் போடுகிறவராய் மாறிவிட்டார். நீண்ட இரும்புக் கை மெல்ல எழுந்து, மெல்லத் திரும்பி, பெரியவரின் காலடியில் பல்செட்டை இறக்கி வைத்தது. சாலைப் பணியாளர்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"தேங்க்ஸ்," என்றான் டாக்டர். "சாயந்திரம் ஆறு வரைக்கும் கிளினிக் திறந்திருக்கும்."

"எனக்குத் தேவைப்படாது."

ஐந்தே முக்காலுக்கு அவள் அங்கே இருந்தாள்.

முன்னறையில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தது டாக்டரின் அம்மா. மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை, கண்ணாடி வழியாக ஒரு பார்வை... இரண்டிலும் அவளை அளந்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

"வயசு?"

"இருபத்தொம்போது."

"வேலை?"

"கவர்மென்ட்ல இன்ஜினியர்."

"கல்யாணம்?"

"பல்லுக்கும் அதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"மாத்திரை எழுதறதுக்கும்மா," என்றார் அம்மா, கொஞ்சமும் அசராமல்.

உள்ளே அவன் விளக்கை இழுத்து அவள் முகத்துக்கு நேரே வைத்தான்.

"தேவைப்படாதுன்னு சொன்னீங்களே..."

"நான் திரும்பிப் போகட்டுமா?"

"வேண்டாம் வேண்டாம். வாயைத் திறங்க. இந்த ஊர்ல என்னைத் திட்ட முடியாத நிலைமையில உங்களைப் பாக்க எனக்கு இது ஒண்ணுதான் வழி."

பதில் சொல்ல ஆயிரம் இருந்தது. வாய் முழுக்கப் பஞ்சு. ஆகவே கண்ணாலேயே முறைத்தாள். அந்த முறைப்பில் அவன் கை ஒரு விநாடி நின்று, பிறகுதான் வேலையைத் தொடர்ந்தது. 'இவ்வளவு பெரிய கண்ணை வெச்சுக்கிட்டு எதுக்கு இவ்வளவு கோபம்...' என்று அவன் நினைத்தது அவளுக்குத் தெரியாது. அவன் விரல்கள் அத்தனை மென்மையாக இருக்கும் என்று தான் எதிர்பார்க்கவில்லை என்பதை அவளும் யாரிடமும் சொல்லவில்லை.

வேர் சிகிச்சை. மூன்று முறை வர வேண்டும். மூன்றுதானா என்று அவளுக்குள் ஏதோ ஒன்று கேட்டது. அதை அங்கேயே அதட்டி உட்கார வைத்தாள்.

இரண்டாவது முறை போனபோது, தள்ளிப்போட முடியாத ஒரு கவலையோடு போனாள்.

"மழை நின்னு ஒரு வாரமாச்சு டாக்டர். சரிவு முழுக்கக் காஞ்சிடுச்சு. ஒரே ஒரு இடம் மட்டும் சொதசொதன்னு அப்படியே இருக்கு. அந்தத் தண்ணி எங்கேயிருந்து வருதுன்னு தெரியாம எப்படிச் சுவரு எழுப்பறது?"

"மலைக்குள்ள ஊற்று ஏதாவது இருக்கும். வாயைத் திறங்க."

அப்போதுதான் அம்மா உள்ளே வந்தார். வாய் கொப்பளிக்கும் மருந்தை நிரப்ப வந்ததாகச் சொன்னார். ஐந்து லிட்டர் கேன். ரோஜா நிறம், புதினா வாசனை. ஆனால் அம்மாவின் கண் கேனில் இல்லை... நாற்காலியில் சாய்ந்திருந்த முகத்தை இந்தக் கோணத்திலிருந்தும் ஒருமுறை பார்த்து வைப்பதில் இருந்தது.

தொபீர் என்று விழுந்தது கேன். அறை முழுக்க ரோஜா வெள்ளம்.

"நீ வேலையைப் பாருப்பா, நீ பாரு... நான் தள்ளி விட்டுடறேன்," என்று அம்மா துடைப்பத்தோடு வந்து, அத்தனையையும் மூலையில் இருந்த கழிவுநீர் ஓட்டைக்குள் தள்ளிவிட்டு, மேலே நான்கு வாளி தண்ணீரும் ஊற்றினார்.

ஒரு மணி நேரம் கழித்துச் சாலைக்குத் திரும்பியபோது வேலை நின்றிருந்தது. எல்லோரும் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். காயாத அந்த இடத்திலிருந்து தண்ணீர் கசிந்தது.

ரோஜா நிறத்தில்.

மீசைக்காரர் விரலால் தொட்டு முகர்ந்தார்.

"மேடம்... மலை பல் தேச்சிருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் தலையை உயர்த்திப் பச்சை ஜன்னலைப் பார்த்தாள்.

மேலதிகாரிக்கு போன் போட்டாள். "கனமழைதான் காரணம்னு எழுதிட்டுப் போம்மா," என்றார் அவர். "மழை வந்து மறுப்பா தெரிவிக்கப் போகுது?"

எழுதியிருக்கலாம். ஆனால் கிளினிக்கின் குழாய் இப்படி மலைக்குள்ளேயே ஒழுகினால், அவள் கட்டுகிற சுவர் இரண்டு மழைக்காலம்கூடத் தாங்காது. அடுத்தமுறை மண் இறங்கும்போது கீழே ஒரு பேருந்து இருக்கலாம்... நோட்டீஸை எழுதினாள். கழிவுநீர்க் குழாயை ஒரு வாரத்துக்குள் சாலையோரக் கால்வாய்க்கு மாற்ற வேண்டும், அதுவரை கிளினிக்கில் தண்ணீர் புழங்கக் கூடாது.

கையெழுத்துப் போடும்வரை தைரியமாகத்தான் இருந்தாள். நேரில் கொண்டுபோய்க் கொடுக்கத்தான் தைரியம் வரவில்லை. அலுவலக உதவியாளரிடம் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

மறுநாள் காலை அவன் வந்தான். கையில் அந்தத் தாள்.

"நேர்ல சொல்லியிருக்கலாம்ல?"

"விதிப்படி எழுத்துல கொடுக்கணும் சார்."

"நேத்து வரைக்கும் டாக்டர். இன்னைக்கு சார்." தாளை நான்காக மடித்தான். "ஊற்றா இருக்கலாமே. வேற வீடாவும் இருக்கலாம்."

"வேற எந்த வீட்டுல சார் புதினாத் தண்ணி ஓடும்?"

அவன் தாளைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு போய்விட்டான். 'போகட்டும்... எனக்கென்ன,' என்று நினைத்தாள். பிறகு அன்று முழுக்க நாடாவைத் தலைகீழாகப் பிடித்து அளந்துகொண்டிருந்தாள்.

அவன் போன சூட்டோடு குடையும் கையுமாக அம்மா இறங்கி வந்தார்.

"ஏம்மா, திறன்னா திறந்தே, மூடுன்னா மூடினே... எவ்வளவு பதவிசான பொண்ணுன்னு நினைச்சேன். என் பையன் மலையைத் தள்ளினான்னு எழுதியிருக்கியாமே?"

"யாரும் தள்ளலைம்மா. ஊற வெச்சிருக்கீங்க. மூணு வருஷமா."

"இனிமே உனக்கு டோக்கன் கிடையாது," என்றார் அம்மா. அவர் அகராதியில் அதற்கு மேல் ஒரு தண்டனை இல்லை.

நான்காம் நாள் பல்லில் வைத்திருந்த தற்காலிக அடைப்பு பெயர்ந்து விழுந்தது. வலி கண் வழியாக வெளியே வந்தது. ஆனாலும் மேலே ஏறிப் போகமாட்டேன் என்று இருந்தாள்... செத்தாலும்.

மேலே அவனும் சும்மா இருக்கவில்லை. அந்த மாலை, அம்மாவுக்குத் தெரியாமல் வீட்டின் பின்புறம் இறங்கினான். மூன்று வருடத்துக்கு முன் கிளினிக் ஆரம்பித்தபோது, ஆள் வைத்தால் தாமதமாகும் என்று அந்தக் குழாயைப் போட்டதே அவன்தான். மண்ணைக் கொஞ்சம் விலக்கினான். குழாயின் இரண்டு துண்டுகளும் மூட்டில் ஒரு சாண் விலகிக் கிடந்தன. இடையில் கருத்து, குழைந்து, ஆழமாய் இறங்கிய ஈரம்.

மண் சரிந்த அன்று, அதற்குப் பத்து நிமிடம் முன்னால் ஒரு பள்ளிப் பேருந்து அந்த வழியே போனது அவனுக்கு ஞாபகம் வந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் கிளினிக் மூடியிருந்தது. கடப்பாரையும் மண்வெட்டியுமாக டாக்டர் தோண்டிக்கொண்டிருந்தான். அம்மா குடை பிடித்தபடி கூடவே நடந்து, அந்தப் பொண்ணைத் திட்டிக்கொண்டிருந்தார். "அவ சரியாத்தாம்மா எழுதியிருக்கா," என்று அவன் சொன்ன பிறகு, திட்டுவதை நிறுத்தாமல் ஆளை மட்டும் மாற்றினார்.

மூன்று நாளில் புதுக் குழாய் தயார். பார்வையிட அவள் வந்தாள். கன்னம் மறுபடி துப்பட்டாவுக்குள் இருந்தது. குழாயின்மேல் ரசமட்டத்தை வைத்துக் குனிந்து பார்த்தாள்.

"வாட்டம் பத்தாது, இன்னும் சரிவா இறங்கணும். இப்படியே விட்டா தண்ணி தேங்கும். கழட்டிப் போடுங்க."

அவன் தன் உள்ளங்கைக் கொப்புளங்களைப் பார்த்தான். கழற்றினான். மறுநாள் மறுபடி வந்தாள்.

"இன்னும் ஒரு அங்குலம் வாட்டம் வேணும்."

"உங்க முகத்துல இருக்கிற வாட்டத்துல பாதியைக் குழாய்க்குக் கொடுங்களேன்... சரியாயிடும்."

சிரிக்கக் கூடாது என்று எவ்வளவோ முயன்றாள். சிரித்தால் பல் வலிக்கும். சிரித்தாள். வலித்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

குடைக்குள்ளிருந்து அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். மகன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடியதையும், அவள் முன்னால் மண்டியிட்டதையும் பார்த்தார்.

"எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டான்.

"அஞ்சு நாளா."

"ஏன் வரலை?"

"டோக்கன் இல்லையே."

அம்மா தொண்டையைச் செருமினார்.

"சரின்னு ஒரு கையெழுத்தைப் போட்டிருந்தா மொத நாளே உன் பல்லைப் பாத்திருப்பான்ல? இவ்வளவு வலியை வெச்சுக்கிட்டு, ரெண்டு தடவை கழட்டச் சொல்லியிருக்கியே..." குடையை அவள் தலைக்கு மேலே நகர்த்தினார். "நாளைக்கு வா. மொத டோக்கன் உனக்குத்தான். குழாய் சரியா இருந்தா மட்டும் கையெழுத்துப் போடு."

மறுநாள் குழாய் சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டாள். பிறகுதான் நாற்காலியில் சாய்ந்தாள்.

மரத்துப்போக ஊசி போட்டான். பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தில் மழை வந்தது... முதலில் ஜன்னலில் நாலு சொட்டு, பிறகு கூரைமேல் ஒரே இரைச்சல். வாசலில் நின்ற மரம், எதிர்மலை, சாலை எல்லாம் வெள்ளைத் திரைக்குள் போயின. அவன் அருகில் நின்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் இமைகளில் வெளிச்சம் நனைந்து கிடந்தது.

நாக்கு கட்டையாய்க் கிடந்தது. வார்த்தை எதுவும் உருப்படியாக வராது. அதுவே அவளுக்குத் தைரியம் கொடுத்தது. 'இப்பச் சொன்னா யாருக்குப் புரியப் போகுது... மனசுல இருக்கிற பாரமாவது இறங்கும்.'

மழையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"ஹெனக்கு... உங்கல... லொம்பப் புடிச்சிலுக்கு. நோத்தீஸ் அனுப்புன அன்னிக்கு... லூமுல போய் அழுதேன்."

அவன் மெல்லத் திரும்பினான்.

"ரூமுக்குப் போய் அழுதீங்களா?"

அவள் விறைத்துப்போனாள்.

"எட்டு வருஷமா நான் பேசறதே மரத்துப்போன வாயோடதாங்க," என்றான். "ஒரு எழுத்து விடாம எல்லாமே புரியும்."

ஹெல்மெட் இருந்திருந்தால் முகத்தை மூடியிருப்பாள். துப்பட்டாவை எடுத்து முழுசாகப் போர்த்திக்கொண்டாள். உள்ளேயிருந்து ஏதோ சொன்னாள். அதுவும் அவனுக்குப் புரிந்தது. வீட்டுக்குப் போக வேண்டுமாம்.

"போகலாம். நான் சொல்றதையும் கேட்டுட்டுப் போங்க. எனக்கும் உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. கட்டிக்கிறீங்களான்னு அன்னைக்கே கேக்கணும்னு இருந்தேன்... ரெண்டாவது தடவை நீங்க இங்க வந்தப்பவே. ஆனா கையில இதை வெச்சுக்கிட்டு எப்படிக் கேக்கிறது? பயத்துல சரின்னு சொல்லிட்டீங்கன்னா?"

துப்பட்டா கொஞ்சம் விலகியது. அவன் கையில் பல் குடையும் டிரில் இருந்தது. அவள் எழுந்து உட்கார்ந்து, அதை அவன் விரல்களிலிருந்து மெதுவாக எடுத்து, தட்டில் வைத்தாள்.

"இப்போ கேலுங்க," என்றாள்.

அவன் கேட்டான். குரல் நடுங்கியது. பொக்லைன் சத்தத்துக்கே அசராதவள், அந்த நடுக்கத்தில் அசைந்துபோனாள். தலையை ஆட்டினாள்... ஒருமுறை ஆட்டியது போதாதென்று இன்னொரு முறையும்.

மரத்துப்போகப் போட்ட மருந்தின் வேகம் இறங்கி, வலி திரும்ப வந்து, அவள் 'ஆ' என்ற பிறகுதான், வந்த வேலையை இன்னும் ஆரம்பிக்கவேயில்லை என்பது இருவருக்கும் ஞாபகம் வந்தது.